அடி வேண்டும், ஆள் வேண்டாமா?

கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் லைன்களில் படம் பார்த்து அழுகிற, விசிலடிக்கிற, திருவிழா வந்தால் குழுவில் ஓடியாடி வேலை செய்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



‘பரியேறும் பெருமாள்’ படத்தில் பரியனின் அப்பா வேட்டி உருவப்பட்டு, உடம்பை மறைக்க வழியில்லாமல் ரோட்டில் ஓடுகிற இடத்தில் நீங்கள் அழுதீர்கள். மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் உங்களில் எத்தனையோ பேர் அந்தக் காட்சியைப் பற்றித் தொண்டை அடைக்க என்னிடம் பேசியிருக்கிறீர்கள். பெண் வேஷம் கட்டி ஆடிப் பிழைக்கிற ஒரு கூத்துக்காரர், சட்டம் படிக்கப் போன மகனுக்காகக் கல்லூரிக்கு வருகிறார். வந்த இடத்தில் அவரை அந்தக் கதிக்கு ஆளாக்குகிறார்கள். “எங்க தாத்தா மாதிரியே இருந்தாரு அண்ணா” என்று சொன்னவர்களும் உங்களில் உண்டு. அந்த அழுகையை நான் முழுசாக நம்புகிறேன். நம்புவதால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். அந்தக் காட்சியில் கண் கலங்காதவர்களிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

அந்த அப்பாவாக நடித்தவர் நெல்லை தங்கராஜ். நிஜத்திலும் பெண் வேஷம் கட்டித் தெருவில் ஆடிய கூத்துக் கலைஞர். படம் 2018 செப்டம்பரில் வந்தது. தமிழ் பேசுகிற ஊரெல்லாம் அவரைப் பார்த்துக் கலங்கியது. அதற்குப் பிறகும் அவர் நெல்லையில் பழுதடைந்த ஒரு வீட்டில்தான் குடியிருந்தார். அந்தச் செய்தி வெளியே வந்த பிறகுதான் உதவிகள் வரத் தொடங்கின. 2023 பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். படம் வந்த நாளுக்கும் அந்தச் செய்தி வந்த நாளுக்கும் நடுவே, அவரை நினைத்து அழுத இத்தனை பேரில், அந்த மனுஷர் எங்கே இருக்கிறார், மழைக்கு அவர் வீடு ஒழுகுகிறதா என்று கேட்கத் தோன்றியவர்கள் எத்தனை பேர்? நெல்லை நமக்குத் தூரம். நம்மால் என்ன செய்திருக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். சரி, நெல்லையை விடுங்கள். நம் லைனுக்கு வாருங்கள்.

உங்கள் தெருவில் கடைசியாக ஒரு சாவு விழுந்தபோது மேளம் அடித்தவர்கள் யார்? அவர்கள் பெயர் என்ன? நான் கேட்டுப் பார்த்தேன். “மேளக்காரங்க வந்தாங்க” என்றார்கள். எந்த ஊர் செட்டு என்று சிலருக்குத் தெரிந்திருந்தது. பெயர் சொன்னவர்கள் மிகச் சிலர். பிணம் எடுக்கும் நேரத்தில் அந்த அடிக்குத்தான் ஊரே ஆடுகிறது. குழி மேட்டுக்குப் போகிற வழியெல்லாம் பையன்கள் அந்த அடியை செல்போனில் பிடித்துப் போடுகிறார்கள். வீடியோவில் ஆடுகிறவர்கள் தெரிகிறார்கள், மாலை தெரிகிறது, பட்டாசுப் புகை தெரிகிறது. அடிக்கிறவருடைய கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. முகம் வெட்டுப்பட்டுப் போகிறது.

இந்தப் பழக்கம் உங்களோடு தொடங்கியது இல்லை. தமிழ்ப் படம் பார்க்கிற நாம் எல்லோரும் ரொம்பக் காலமாக இப்படித்தான் பழகியிருக்கிறோம். ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968-இல் வந்தது. சிக்கல் சண்முகசுந்தரமாக நாகஸ்வரம் வாசிக்கும்போது சிவாஜியின் கன்னமும் கழுத்து நரம்பும் துடிப்பதை இன்றைக்கும் பேசுகிறோம். அந்த நாகஸ்வரத்தை உண்மையில் ஊதியவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அவர்கள் பெயரை உங்கள் வீட்டில் எத்தனை பேர் சொல்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ‘கரகாட்டக்காரன்’ 1989-இல் வந்து ஒரு வருஷத்துக்கும் மேல் ஓடியது. ஊர் ஊராகப் போய்க் கரகம் ஆடிப் பிழைக்கிறவர்களின் கதை அது. அதிலிருந்து நாம் வீட்டுக்குக் கொண்டுவந்தது வாழைப்பழக் காமெடியை. கவுண்டமணியும் செந்திலும் நம்மைச் சிரிக்கவைத்தது உண்மை, அதில் தப்பில்லை. ஆனால் தலையில் செம்பைச் சுமந்து ராத்திரி முழுக்க ஆடுகிறவளுடைய கழுத்து எப்படி வலிக்கும் என்று அந்தப் படத்தை இருபது தடவை பார்த்தவர்கூடப் பேசி நான் கேட்டதில்லை. பரவை முனியம்மா 2003-இல் ‘தூள்’ படத்தில் பாடியபோது தியேட்டரே எழுந்து ஆடியது. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவர் நோயும் வறுமையுமாகக் கிடக்கிறார் என்று செய்தி வந்து, அரசு பணம் கொடுத்துத் தாங்க வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேளக்காரரைப் பற்றிப் பேச்செடுத்தாலே உங்களில் பலர் சொல்கிற முதல் வார்த்தை: “குடிக்கிறாங்க அண்ணா.” கூலியைக் குறைக்கும்போதும் அதே வார்த்தை. முன்பணம் தர மறுக்கும்போதும் அதே வார்த்தை. பந்தியில் உட்கார வைக்காமல் பொட்டலம் கட்டிக் கொடுக்கும்போதும் அதே வார்த்தை. 2016 பொங்கலுக்கு வந்த பாலாவின் ‘தாரை தப்பட்டை’யில் சாமிப்புலவராக ஜி.எம். குமார் வருவாரே, நினைவிருக்கிறதா? அந்தக் கிழவரும் குடிக்கிறார். குடித்துவிட்டு மகனோடு சண்டை போடுகிறார். படத்தின் வன்முறை தாங்கவில்லை என்று பாதியில் எழுந்து போனவர்கள்கூட அவரைக் குறை சொல்லவில்லை. வித்தையை வைத்துக்கொண்டு சோத்துக்கு வழியில்லாத மனுஷன் குடிக்காமல் என்ன செய்வான் என்று அவருக்காக வாதாடினார்கள். அந்தப் படத்தின் பின்னணி இசைக்கு இளையராஜாவுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. திரையில் ஒருவர் குடித்தால் காரணம் தேடுகிறோம். தெருவில் ஒருவர் குடித்தால் கூலியைப் பிடிக்கிறோம்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் கோயன் சகோதரர்கள் 2013-இல் ‘இன்சைட் லூயின் டேவிஸ்’ என்று ஒரு படம் எடுத்தார்கள். 1961-ஆம் வருஷத்து நியூயார்க். கித்தாரை வைத்துக்கொண்டு நாட்டுப்புறப் பாட்டுப் பாடுகிற ஒருவன். படுக்க இடமில்லை, தெரிந்தவர்கள் வீட்டு சோபாவில் மாறி மாறித் தூங்குகிறான். குளிரில் போட நல்ல கோட்டு இல்லை. பிழைப்புக்காகச் சிகாகோ வரை போய் ஒரு பெரிய மனுஷர் முன்னால் உயிரைக் கொடுத்துப் பாடுகிறான். இதில் காசு தேறாது என்று அவர் ஒரு வரியில் முடித்துவிடுகிறார். கான் விழாவில் அந்தப் படத்துக்குக் கிராண்ட் பிரீ கொடுத்தார்கள். ஆனாலும் பார்த்தவர்களில் நிறையப் பேர் சொன்னது, அவன் நல்லவனாக இல்லை, சிடுசிடுக்கிறான், நண்பர்களுக்குத் துரோகம் செய்கிறான், அவன்மேல் இரக்கம் வரவில்லை என்பதுதான். நான் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு நம் லைன் ஆட்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். பசியோடு இருப்பவன் பணிவாகவும் இருக்க வேண்டும் என்று எங்கேயும் எதிர்பார்க்கிறார்கள். டாக்டரிடம் போனால் அவர் சிடுமூஞ்சியாக இருந்தாலும் பீஸைக் கட்டிவிட்டுத்தான் வருகிறோம். ஆசாரியிடம் கதவு செய்யக் கொடுத்தால் கதவைப் பார்த்துக் கூலி கொடுக்கிறோம். மேளம் அடிக்கிறவரிடம் மட்டும் குணத்துக்குப் பரீட்சை வைக்கிறோம்.

குடி நல்லது என்று நான் சொல்லவரவில்லை. குடியால் தாலி இழந்த வீடுகள் நம் லைன்களில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். என் சொந்தக்காரர்களிலும் உண்டு. ஆனால் சாவு வீட்டில் மேளக்காரருக்குக் கூலியில் பாதியைப் பாட்டிலாகக் கொடுப்பது யார்? “ஒரு குவார்ட்டர் ஊத்திக்கோ, நல்லா அடிப்ப” என்று சொல்வது யார்? நாம்தானே? ராத்திரி பூரா அடிக்க வேண்டும் என்று ஊற்றிக் கொடுத்துவிட்டு, விடிந்ததும் குடிகாரன் என்று சொன்னால் அது எந்த நியாயத்தில் சேரும்?

இப்போது நம் ஊர்ப் படங்களுக்கு வருகிறேன். இதில் உங்கள் கோபத்துக்கு என் முழு ஆதரவு.

2018 டிசம்பரில் ‘கே.ஜி.எஃப்.’ வந்தது. சுரங்கக் கழிவு குவிந்த நம் சைனைடு மேட்டில் எடுத்த படம். இரண்டாம் பாகம் 2022 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாளன்றே வந்தது. ஆயிரம் கோடிக்கு மேல் வசூல் என்றார்கள். பெங்களூருக்கு வேலைக்குப் போகிற நீங்கள் எல்லோரும் அந்த நாட்களில் பட நாயகனின் பெயரில் ஒரே கேள்வியைத்தான் சந்தித்தீர்கள்: ராக்கி பாய் ஊரா? நீங்கள் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கொதித்தீர்கள். எங்கே எங்கள் ஆட்கள்? மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் இறங்கி, ஏர்பிளாஸ்டில் பாறை வெடித்து உள்ளேயே புதைந்தவர்கள் எங்கே? நுரையீரலில் கல்தூளைச் சுமந்துகொண்டு இருமி இருமிச் செத்தவர்கள் எங்கே? 1946 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட ஆறு தொழிலாளர்கள் எங்கே? சங்கம் எங்கே? 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டு, சங்கு ஊதுவது நின்றுபோனதற்குப் பிறகு இந்த ஊர் எப்படிச் சோறு தின்றது என்று யாராவது காட்டினார்களா? பேரை எடுத்துக்கொண்டார்கள், மண்ணை எடுத்துக்கொண்டார்கள், மனுஷனை விட்டுவிட்டார்கள் என்றீர்கள். 2024 ஆகஸ்டில் பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ வந்தபோது, வட ஆர்க்காட்டிலிருந்து நம் முன்னோர் எப்படி இங்கே வந்தார்கள் என்று ஒருவர் கேட்கவாவது செய்தாரே என்று உங்களில் பலர் கண்ணீர் விட்டீர்கள். படத்தைப் பற்றி உங்களுக்குள் ஆயிரம் சண்டை இருந்தது. ஆனாலும் அந்த நன்றி இருந்தது.

அந்தக் கோபத்தையும் அந்த நன்றியையும் நான் மதிக்கிறேன். அதே கோபத்தோடு நம் தெருவை ஒருமுறை பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். அடி வேண்டும், அடிக்கிற ஆள் வேண்டாம். ஆட்டம் வேண்டும், ஆடுகிறவர் ராத்திரி எங்கே படுப்பார் என்ற கேள்வி வேண்டாம். ‘கே.ஜி.எஃப்.’ படம் நமக்குச் செய்தது என்று எதைச் சொல்கிறோமோ, அதையே நம் மேளக்காரருக்கு நாம் செய்கிறோம். நம்மை விட்டுவிட்டார்கள் என்பது நம் காயம். அந்தக் காயத்தின் வலி தெரிந்த நாமே இன்னொருவரை இப்படி விட்டுவிடலாமா?

உங்களில் படித்தவர்கள், இயக்கத்தில் இருப்பவர்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைக் கேட்டவர்கள் நடுவில்தான் நான் வளர்ந்தேன். சாவுக்குப் பறை மேளம் அடிப்பது சாதி நம் தலையில் கட்டிய வேலை. அதை ஏன் காப்பாற்ற வேண்டும்? இது சரியான கேள்வி. வட ஆர்க்காட்டிலும் சித்தூரிலும் நம் பாட்டன்மார் ஊருக்கு வெட்டியாக அடித்தார்கள். கூலி கிடையாது, கேட்டால் உதை. அதிலிருந்து தப்பித்துத்தான் அவர்கள் இந்தச் சுரங்கத்துக்கு வந்தார்கள். உயிருக்கு உத்தரவாதம் இல்லாவிட்டாலும், கையில் எண்ணிக் கொடுக்கிற சம்பளம் இருந்தது. 1907-லேயே மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் கண்ட ஊர் இது. அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழை 1926 முதல் ஜி. அப்பாதுரையார் மறுபடி நடத்தியது இங்கிருந்துதான். 1954-இல் அம்பேத்கர் வந்து பேசிய மண். இழிவைச் சுமக்க மாட்டோம் என்று குச்சியை ஒடித்துப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள். அவர்கள் செய்தது சரி. இன்றைக்கும் ஒருவரைச் சாதி சொல்லி அடிக்கக் கூப்பிட்டால் அவர் வர மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அவருக்குப் பக்கத்தில் நாம் நிற்க வேண்டும்.

ஆனால் இன்னொரு பக்கம் நடந்திருப்பதையும் பாருங்கள். அதே பறையைத் தங்கள் விருப்பத்தில் கையில் எடுத்து, மேடையில் நின்று, நிமிர்ந்து அடிக்கிற தலைமுறை ஒன்று வந்துவிட்டது. மதுரைப் பக்கம் அலங்காநல்லூர் வேலு ஆசான் சாவு வீட்டு அடியில் தொடங்கியவர்தான். இன்று ஊர் ஊராகப் பிள்ளைகளுக்கு, பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து, பறை கற்றுக்கொடுக்கிறார். 2025-இல் அவருக்குப் பத்மஸ்ரீ. அதே வருஷம் தெருக்கூத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் பத்மஸ்ரீ. புரிசை, நம் முன்னோர் புறப்பட்டு வந்த அந்தப் பழைய வட ஆர்க்காட்டு மண்ணில்தான் இருக்கிறது. நமக்கு இன்னும் கிட்டத்தில், பிண்டிபாபனஹள்ளி முனிவெங்கடப்பா. தமட்டை அடிக்கிறவர். அவர் ஊர் இப்போது சிக்கபள்ளாப்பூர் மாவட்டம். 2007 வரைக்கும் அது நம் கோலார் மாவட்டம். அவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கோலார் பக்கம் தேரஹள்ளி மலையில் கோடிகானஹள்ளி ராமையாவும் நண்பர்களும் சேர்ந்து உருவாக்கிய ‘ஆதிமா’வில் பௌர்ணமி இரவுகளில் கன்னடத்து நாட்டார் கலைஞர்கள் பாடியும் அடித்தும் ஆடியிருக்கிறார்கள், சனம் போய்த் தரையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறது. அவர்கள் கையிலும் நம் மேளக்காரர் கையிலும் இருப்பது அதே வட்டம், அதே தோல்.

இழிவு தோலில் இல்லை. கூலி கொடுக்காமல் அடிக்கச் சொன்னதில் இருந்தது. மறுக்க உரிமை இல்லாததில் இருந்தது. எட்டி நிற்கச் சொன்னதில் இருந்தது. அப்படியானால் அந்த இழிவை ஒழிக்க நம் கையில் இருக்கிற வழி என்ன? பேசிய கூலியைக் குறையாமல் கொடுப்பது. வர முடியாது என்றால் விட்டுவிடுவது. வந்தவரைப் பக்கத்தில் உட்கார வைப்பது. இதைச் செய்யாமல், அரங்கத்தில் பறை ஒலித்ததும் கைதட்டுவதால் மட்டும் எதுவும் மாறாது.

பறை அடிக்கிற வேலையின் கஷ்டத்தை உங்களில் பலர் கிட்டத்தில் பார்த்ததில்லை. மூன்று துண்டு மரத்தை வளைத்துச் சேர்த்த சட்டம். அதில் புளியங்கொட்டைப் பசை தடவித் தோலை இழுத்துக் கட்டுகிறார்கள். மார்கழி, தைக் குளிரில் நம் ஊர்ப் பனிக்குத் தோல் தளர்ந்து மந்தமாகிவிடும். வைக்கோலையும் காகிதத்தையும் கொளுத்தி அதில் காட்டிக் காட்டிச் சூடேற்றினால்தான் அடி எழும். அரை மணிக்கு ஒருமுறை காய்ச்ச வேண்டும். ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறு கையில் மெலிந்த சுண்டுகுச்சி. தோளில் தொங்குகிற பறையைத் தாங்கிக்கொண்டு, நடந்துகொண்டே, ஆடிக்கொண்டே மணிக்கணக்கில் அடிக்கிறார்கள். சாமிச்சாட்டுக்கு ஓர் அடி, மாரடிப்புக்கு ஓர் அடி, வாழ்த்துக்கு ஓர் அடி என்று எத்தனையோ உண்டு. நீங்கள் கேட்கிற சினிமாப் பாட்டையும் அந்தத் தோலிலேயே கொண்டுவருகிறார்கள். அம்மன் திருவிழாவில் பம்பையும் உடுக்கையும் அடித்து வர்ணித்துப் பாடுகிறவர்கள் மணிக்கணக்கில் பாட்டை மனசிலிருந்தே எடுக்கிறார்கள், தாள் கிடையாது. எத்தனை வருஷம் கூடவே நின்று கற்றிருந்தால் இது வரும்?

போன வருஷத்துக்கு முந்தைய திருவிழாவில் ஒரு லைனில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த லைன் என்று சொல்ல மாட்டேன். எல்லா லைனிலும் நடப்பதுதான். காலையில் கரகம் எடுப்பதிலிருந்து ராத்திரி சாமி வீடு திரும்புகிற வரைக்கும் ஒரு செட்டு அடித்தது. முடிந்ததும் காசுக்காகப் பந்தலுக்குப் பின்னால் நின்றார்கள். பேனர்க்காரருக்குப் பணம் போய்விட்டது. ஸ்பீக்கர் பாக்ஸ்காரர் முழுத் தொகையையும் முன்னாலேயே வாங்கியிருந்தார். பூக்காரரும் பட்டாசுக் கடைக்காரரும் வாங்கிக்கொண்டார்கள். மேளத்துக்கு வந்தபோது பணம் இல்லை. பேசியதில் பாதிதான் கிடைத்தது. மிச்சத்துக்குச் “சாமி காரியம்தானே, புண்ணியம்” என்று சொன்னார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. கை நிறைய வேலை செய்து களைத்துப்போயிருந்த உங்களைப் போன்ற பையன்கள். செட்டில் மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் பறையைத் துணியில் சுற்றினார். மறுநாள் அதிகாலை அவர் பெங்களூருக்கு ரயில் ஏற வேண்டும், ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன் வேலை. அந்த ரயிலில்தான் உங்களில் பாதிப் பேர் போகிறீர்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர் ஒரு கலைஞர் என்று உங்களுக்குத் தெரியாமலே போய்வருகிறீர்கள்.

எங்களிடமும் பணம் இல்லையே என்பீர்கள். சுரங்கம் மூடிய ஊரில் யாரிடம் பணம் இருக்கிறது? ஆனால் கொஞ்சப் பணத்தையும் எதற்கு முதலில் கொடுக்கிறோம் என்பதில் நம் மனசு தெரிகிறது. பேனரில் நம் முகம் இருக்கிறது, அதனால் அதற்குப் பேரம் பேசுவதில்லை. பாக்ஸ் வாடகைக்காரரிடம் பாக்கி சொன்னால் அடுத்த வருஷம் வர மாட்டார், அதனால் அவருக்குப் பயப்படுகிறோம். மேளக்காரர் நம் ஆள், விட்டுக்கொடுப்பார் என்ற தைரியம். நம் ஆள் என்பதற்கு நாம் வைத்திருக்கிற அர்த்தம் இதுதானா?

பாக்ஸ் வேண்டாம், டிஜே வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆடுங்கள், உங்கள் வயசு. ஆனால் மேளக்காரர் அடித்துக்கொண்டிருக்கும்போது அவர் காதுக்குப் பக்கத்தில் பாக்ஸை அலறவிட்டு அவரை நிறுத்தாதீர்கள். அவருக்கென்று நேரம் கொடுங்கள். அந்த நேரத்தில் அவர் மட்டும் அடிக்கட்டும்.

பெண்களையும் மறந்துவிடக் கூடாது. ஒப்பாரி பாடுகிற ஆயாக்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். என் ஆயா பாடும்போது சுரங்க ஷாஃப்ட்டின் பெயர் வரும், எந்த ஷிப்டில் போனவர் திரும்பவில்லை என்று வரும், சங்கு நேரம் தப்பி ஊதியதும் பெண்களெல்லாம் வாசலுக்கு ஓடிவந்தது வரும். கம்பெனிக் கணக்கில் வெறும் எண்ணாகப் போனவர்களின் பெயர்கள் அந்தப் பாட்டில் இருந்தன. நான் அதைப் பதிவு செய்யவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் அதற்குக் கருவி இல்லை. உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. ‘கே.ஜி.எஃப்.’ படத்தில் நம் கதை இல்லை என்று கோபப்பட்டீர்களே, அந்தக் கதை உங்கள் வீட்டுத் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன்.

மேளம் பேசும்போதே தொகையைப் பேசி, பாதியை முன்பணமாகக் கொடுங்கள். மிச்சத்தை அடித்து முடித்த இடத்திலேயே கொடுங்கள். பணமாகக் கொடுங்கள், பாட்டிலாக வேண்டாம். சாவு வீட்டில் துக்கத்தில் இருக்கிறவர்களால் இதைக் கவனிக்க முடியாது. அதனால் லைனில் இருக்கிற நீங்கள் இரண்டு பேர் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தியிலேயே அவர்களை உட்கார வைத்து இலை போடுங்கள். வீடியோ எடுத்தால் முகம் தெரிய எடுத்து, பெயரைப் போடுங்கள். பேனரில் எல்லாருடைய படமும் வருகிறதே, அதில் செட்டின் பெயரும் வரட்டும். வர முடியாது என்று அவர்கள் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்களில் கன்னடப் பள்ளியில் படித்தவர்களிடம் தனியாக ஒன்று. தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. அது அந்த மாநிலத்துக் கலைஞர்களுக்கானது. நாம் இருப்பது கர்நாடகத்தில். இங்கே நாட்டார் கலைகளுக்கான ஜானபத அகாடமி இருக்கிறது. கன்னட, கலாசாரத் துறை நலிந்த மூத்த கலைஞர்களுக்கு மாசாசனம் என்கிற மாத உதவித்தொகை தருகிறது. நம் பெரியவர்கள் கன்னடம் நன்றாகப் பேசுவார்கள். ஆனால் விண்ணப்பத்தை எழுத வேண்டும், சான்றிதழ் சேர்க்க வேண்டும், நிகழ்ச்சி நடத்தியதற்குப் போட்டோவும் நோட்டீஸும் காட்டச் சொல்வார்கள். அடிக்கிற கையில் அந்தக் காகிதம் ஏது? அம்பேத்கர் பிறந்தநாள் விழாவில் அவர்களை மேடையேற்றி, நோட்டீஸில் பெயர் போட்டு, போட்டோ எடுத்துக் கொடுத்தால் அதுவே சான்று. மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒருவருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். கிடைக்கவில்லை என்றால் கூடப்போய்க் கேளுங்கள்.

ஆயாக்களிடம் அனுமதி கேட்டு ஒப்பாரியைப் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், எந்த லைன், யாருக்காகப் பாடியது என்று எழுதிவையுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வெளியே போடாதீர்கள், வீட்டில் வைத்திருங்கள்.

இந்த ஆடியில் கூழ் ஊற்றுவதற்கு உங்கள் லைனில் கூட்டம் போடுவீர்கள். செலவு நோட்டைத் திறந்ததும், பேனருக்கும் பாக்ஸுக்கும் முன்னால், முதல் வரியில் மேளத்துக்கான தொகையையும் அடிக்கப்போகிறவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள். எழுதியதை எனக்குக் காட்ட வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்துக்கு அவர்களையும் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் படியுங்கள். தொகை போதுமா என்று கேளுங்கள்.

அன்போடும் எதிர்பார்ப்போடும்,
உங்கள் ஊர்க்காரன்